வீரணனுக்கு விற்ற கம்ப்யூட்டர்

வில்லாபுரத்தில் வெங்கடேஷ்பாபுவின் கம்ப்யூட்டர் கடைக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. தேவைக்கு மேல் எதையும் தலையில் கட்ட மாட்டான் என்பார்கள். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் ஆறு வருடம் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிப் பழகிவிட்டு, பிறகு தனியாகக் கடை போட்டவன். ஆளைப் பார்த்ததுமே அவருக்கு எந்த ப்ராசஸர் போதும் என்று சொல்லிவிடுவான். அதில் அவனுக்குப் பெருமையும் இருந்தது.

2008 ஐப்பசி. எப்போது கரண்ட் போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத நேரம். போர்டோடு ஒட்டியே வருகிற ஆட்டம் என்ற சின்ன ப்ராசஸர் அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்தது. குண்டு பல்பு ஒன்று எரிகிற கரண்டில் பெட்டியே ஓடிவிடும். "பேருதான் ஆட்டம், இதுல ஒரு ஆட்டமும் ஆட முடியாது" என்று வியாபாரிகள் சிரிப்பார்கள். கேம் விளையாடக் கேட்டு வரும் கல்லூரிப் பையன்களுக்கு பாபு வேகமான அத்லான் ப்ராசஸர் போட்டுக் கொடுப்பான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அது கரண்டை இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் தாங்காது.

அந்த வாரத்தில்தான் வீரணன் தன் மனைவி சீனியம்மாளுடன் ஆட்டோவில் வந்து இறங்கினார். கீழக்குயில்குடிக்காரர். இருபத்திரண்டு வருடம் மேலூர் ரூட்டில் பஸ் ஓட்டியவர். சர்க்கரையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கக்கத்தில் இடுக்கிய கட்டைக் கம்பை ஊன்றிப் படி ஏறி வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லா ஓடுற கம்ப்யூட்டரா ஒண்ணு வேணும் தம்பி."

"எதுக்குண்ணே, என்ன வேலைக்கு?"

வீரணன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "மக துபாய்ல இருக்கா. முகம் பாத்துப் பேசணும்."

"அம்புட்டுதானா? அதுக்கு ஆட்டம் போதும்ணே. சத்தம் இருக்காது. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர்லயே ஓடும்."

அவர் தலையாட்டினார். ஆனால் கண், மூலையில் பாபு சோதித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அதில் கார் ஓட்டும் கேம் ஒன்று தானாக ஓடிக்கொண்டிருந்தது. எழுந்துபோய் கம்பில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீங்க சொல்றதுல இது ஓடுமா தம்பி?"

"அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்ணே. உங்களுக்கு எதுக்கு?"

"ஆமா ஆமா, சும்மா கேட்டேன்" என்று சிரித்தார் வீரணன்.

மறுநாளே பாபு வண்டியில் கட்டி எடுத்துப்போய்ப் பூட்டிக் கொடுத்தான். துபாயிலிருந்து மகள் முகம் தெரிந்ததும் சீனியம்மாள் சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். காப்பி குடித்துவிட்டுத் திரும்பும்போது, சரியான ஆளுக்குச் சரியான பொருள் கொடுத்த திருப்தி பாபுவுக்கு இருந்தது.

ஒரு மாதம் கழித்து வீரணன் போன் செய்தார்.

"தம்பி, கொஞ்சம் மெதுவா இருக்கே. இன்னும் வேகமா ஆக்க முடியுமா?"

"என்னண்ணே புதுசா போட்டீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. விடுங்க."

"மெமரி ஒண்ணு சேத்துப் போட்டுத் தாரேண்ணே. அந்தப் பக்கம் வரும்போது வாரேன்."

அந்தப் பக்கம் போக வாய்க்கவில்லை. அவரும் அப்புறம் கூப்பிடவில்லை.

அடுத்த வருடம் மார்கழியில் சீனியம்மாள் போன் செய்து, இடி இடித்த அன்றிலிருந்து கம்ப்யூட்டருக்கு உயிர் வரவில்லை என்றாள். பாபு போனான். பவர் சப்ளைதான் போயிருந்தது. மாற்றிப் போட்டு ஓடவிட்டபோது திரையில் பஸ் படம் போட்ட கேம் ஒன்று இருந்தது. அண்ணாந்து பார்த்தான். பீரோ மேலே பிளாஸ்டிக் உறைக்குள் விளையாட்டு ஸ்டீயரிங், அதோடு ரெண்டு பெடல்.

"இது யாருதுக்கா?"

"அவருதுதான்." சீனியம்மாள் அடுத்த அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கால எடுத்தப்புறம் கொஞ்ச நாள் ஒத்தக்கடையில அவுக அக்கா வீட்டுல இருந்தோம். அக்கா மகன் மலையாண்டி கம்ப்யூட்டர்ல இந்த பஸ்ஸ ஓட்டிக் காமிச்சான். இவரு வாங்கி ஓட்டுனாரு பாருங்க, ஒரு மணி நேரம் எந்திரிக்கல. கிளட்ச் இல்லையாம், ஒரு கால் போதுமாம். ஆஸ்பத்திரியில இருந்து வந்து அன்னைக்குத்தான் சிரிச்சாரு. அதுக்குத்தான் கம்ப்யூட்டரே வாங்க வந்தது. ஸ்டீயரிங்க மககிட்ட சொல்லி அனுப்ப வச்சாரு."

பாபு மறுபடியும் பீரோ மேலே பார்த்தான்.

"இதுல ஓடலையாக்கா?"

"ஓடுச்சு. இழுத்து இழுத்து ஓடுச்சு. இங்க திருப்புனா அங்க திரும்ப நேரமாகுது. அதுக்குள்ள போயி மோதிரும். அவரு சர்வீஸ்ல ஒரு சைக்கிளக்கூட உரசினது இல்ல தம்பி. ரெண்டு நாள் பாத்தாரு. மூணாம் நாள் ஸ்டாண்டுல நிக்கிற சனங்க மேல வண்டி ஏறிருச்சு. விளையாட்டுதானேன்னு சொன்னேன். எடுத்து மேல வைன்னுட்டாரு."

"ஏங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"இந்த வயசுல விளையாட்டான்னு சிரிப்பீகன்னு கூச்சம்."

அன்று வீட்டில் இதை மனைவி பிருந்தாவிடம் சொன்னான். அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேசும்போது பிருந்தா எதையும் சுற்றி வளைக்க மாட்டாள். "அவர்தான் ஓடுமான்னு கேட்டாரே. நீங்கதானே எதுக்குன்னு வாயை அடைச்சீங்க" என்றாள். பாபு தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தான்.

நாலு நாளில் கடையில் இருந்ததிலேயே நல்ல அத்லானை எடுத்துப் பூட்டி, அந்த பஸ் கேமைப் போட்டுத் தானே பலமுறை ஓட்டிப் பார்த்தான். எங்கும் இழுக்கவில்லை. பெரிய இன்வெர்ட்டர் ஒன்றையும் ஏற்றிக்கொண்டு கீழக்குயில்குடிக்குப் போனான்.

வீரணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாபு பக்கத்தில் போய் நின்றும் வேறு பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு, கம்ப்யூட்டர்காரத் தம்பியா? குரலக் குடுங்க. ஆவணியில இருந்து கண்ணுக்குள்ள ரத்தம் கசியுது, ஒண்ணும் தெரியல. சர்க்கரைதான்."

பாபு சீனியம்மாளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன முறையே அவர் எழுந்து வராதது அப்போதுதான் உறைத்தது.

கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துப்போகவும் மனம் வராமல் பூட்டினான். ஸ்டீயரிங்கை மேஜையில் இறுக்கி, பெடலை வலது காலுக்கு வாகாக வைத்தான். வீரணன் மெதுவாக வந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். என்ஜின் சத்தம் கேட்டதும் முதுகு நிமிர்ந்தது. வண்டி கிளம்பியது. நேர் ரோட்டில் அழகாக எடுத்தார்.

"வளைவு வருதுண்ணே. இடது."

திருப்பினார். ஒழுங்காகத் திரும்பியது.

"ஸ்டாப் வந்திருச்சு, பிரேக்."

கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. "ஆள் யாரும் குறுக்க இருந்தாங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

வீரணன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நல்லா ஓடுது தம்பி. சொன்ன இடத்துல சொன்ன மாதிரி திரும்புது. ஆனா கண்ணு தெரியாம ஸ்டீயரிங்கத் தொடக் கூடாது. இத எடுத்துட்டுப் போங்க. வேற யாருக்காச்சும் ஆகும்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பழைய கம்ப்யூட்டரையே பாபு திரும்பப் பூட்டினான்.

அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகள் போய்வந்தான். 'தப்பு எம்மேலதாண்ணே' என்று சொல்லிவிட வேண்டும் என்றே ஒவ்வொரு முறையும் கிளம்புவான். வீரணன் டயரைப் பற்றியோ, ரோட்டில் புதிதாக வந்த பாலத்தைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவார். தேங்காய் பர்பி வரும். காப்பி வரும். சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். பரீட்சை முடிந்து கல்லூரிகள் திறக்கும் சமயத்தில் கடையில் வேலை கூடிப் போனது. அதன்பின் அவன் போகவில்லை.

கடையில் அவன் பேச்சு மாறியது. யார் வந்தாலும் இது போதும் என்று சொல்வதை விட்டுவிட்டான். கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "உண்மையிலே எதுக்கு வேணும்?" என்று கேட்டான். சிலர் எரிச்சலோடு வேறு கடைக்குப் போனார்கள்.

வீரணன் அந்த ஆடியில் இறந்தார். அக்கா மகன் மலையாண்டி போன் செய்து சொன்னான். பாபு மாலை வாங்கிக்கொண்டு போனான். காக்கிச் சட்டையோடு டிப்போக்காரர்கள் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். ஒரு வயதான கண்டக்டர் தள்ளி நின்று இடம் கொடுத்துவிட்டு, "தம்பி யாரு, சொந்தமா?" என்று கேட்டார்.

"இல்ல, கம்ப்யூட்டர் வித்தவன்" என்றான் பாபு.