மூன்றாவது வீட்டின் குரல்

எண்பதுகளின் கடைசி. மரக்காணத்தில் மூன்று குடித்தனம் இருந்த ஒரு லைன் வீடு விலைக்கு வந்தது. என் கணவர் சவுதியில் இருந்தார். எங்களுக்குள் கடிதம் கிடையாது, கேசட்தான். அவர் பேசி அனுப்பியதைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே நான் பேசி, விடுப்பு முடிந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவேன். அதே கேசட் மறுபடி வரும்.

அந்த முறை இப்படிச் சொல்லியிருந்தார்: "குடியிருக்கறவங்க எப்படின்னு தெரியாம வாங்கக் கூடாது. நீ நேர்ல போய் விசாரி. அவங்க பேசறத டேப்ல புடிச்சு அனுப்பு, கேட்டுட்டு சொல்றேன்." உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். வெட்கமாக இருந்தது. முதல் வீட்டில் உப்பளத்து வேலைக்குப் போகும் தம்பதி. பெட்டியைப் பார்த்ததும் அந்த ஆள் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, "நாங்க எந்த வம்புக்கும் போவமாட்டோங்க" என்றார். இரண்டாவது வீட்டு மளிகைக்காரர் பத்து நிமிஷம் தன்னைத்தானே புகழ்ந்துகொண்டார்.

மூன்றாவது வீட்டில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மெஷின். சவுதியில் இருக்கும் என் கணவர் கேட்பதற்கு என்று சொல்லிப் பெட்டியை வைத்து, எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று கேட்டேன். அவள் எனக்குப் பதில் சொல்லவில்லை. பெட்டியருகே குனிந்து என் கணவரிடமே பேசினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் அண்ணே. எம் புள்ளைங்க அத்தாவும் அங்கதான் இருக்காரு. ரெண்டு வருஷமா ஒரு சேதியும் இல்ல. அவருக்குத் தெரிஞ்சது இந்த அட்ரஸ் ஒண்ணுதான். எங்கனா பாத்தா, நாங்க இதே வூட்லதான் இருக்கோம்னு சொல்லுங்க."

சவுதி என்ன, மரக்காணம் பஸ் ஸ்டாண்டா? என்று நினைத்துக்கொண்டே பெட்டியை நிறுத்தினேன்.

ஒன்றரை மாதம் கழித்துக் கேசட் வந்தது. "மொத ரெண்டும் இருக்கட்டும். மூணாவத காலி பண்ணச் சொல்லிட்டு பத்திரம் பண்ணு. ஆம்பள இல்லாத வூடு, பின்னால தொந்தரவு."

அவள் கேட்டதற்கு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டில் மட்டும் எந்த ஆம்பளை இருந்தார்? கேட்கலாம் என்றால் எதிரில் இருந்தது டேப்ரிக்கார்டர். சம்பாத்தியம் அவருடையது, முடிவும் அவருடையது.

போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. "அண்ணன் அவரப் பத்தி எதுனா சொன்னாராக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"தேடறேன்னு சொன்னாரு" என்று பொய் சொன்னேன்.

அந்த மாதமே கிளியனூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அதைக் கணவருக்குச் சொல்ல வேண்டுமே என்று கேசட்டை ஓடவிட்டேன். அவர் பேச்சு முடிந்து கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு, அழியாமல் மிஞ்சியிருந்த அவள் குரல்: "இதே வூட்லதான் இருக்கோம்னு சொல்லுங்க."

வேறு கேசட் என்னிடம் இல்லை. கொஞ்சம் பின்னால் சுற்றி, பட்டனை அழுத்தி அந்தக் குரலின் மேலேயே பேசினேன்.

"மூணாவது வூடு காலியாயிடுச்சுங்க."