இரண்டு பட்டை

அக்டோபரில் மழை ஓய்ந்த முதல் சனிக்கிழமை. மாலை நான்கு மணிக்கு என் மைத்துனன் போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் வேலை முடித்து நேராகத் தின்கன்ஜூனிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் கழுவிய சோற்று டப்பா. உள்ளே கட்டைவிரல் பருமனில் ஓர் அந்துப்பூச்சி. முதுகில் மண்டையோடு.

“அத்தான், ஆப்பிரிக்கா சரக்கு! கப்பல்ல வந்த மூட்டைக்கு நடுவுல உக்காந்திருந்துச்சு. ஃபேஸ்புக்ல போட்டாச்சு.”

டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பல ஆண்டுகளாக யாங்கூனின் அந்துப்பூச்சிகளைத் தேதியிட்டுக் குறித்து வருகிறேன். ஆப்பிரிக்க மண்டையோட்டு அந்துப்பூச்சி அந்தக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளெங்கும் உண்டு. கோடையில் கடல் தாண்டி ஐரோப்பாவுக்கும் பறக்கும். கிழக்கே மேற்காசியாவைத் தாண்டி வருவது அபூர்வம். இங்கே கிடைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. இது அதுவானால், முதலில் குறித்தவன் நான்.

ஆனால் நம் பக்கத்து இனத்துக்கும் அதே மண்டையோடு, மஞ்சள் வயிற்றில் அதே கறுப்பு வரிகள். தொட்டால் இரண்டும் எலிக்குஞ்சு போலக் கீச்சிடும். இறக்கையின் அடிப்புறம் பார்க்க வேண்டும்: ஆப்பிரிக்க இனத்துக்கு ஒரு கரும்பட்டை, நம்முடையதற்கு இரண்டு.

ஊசியில் குத்தி விரித்தால் உடனே தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அது நடக்காது. இறந்துபோனவர் உயிர் பூச்சியாக இறக்கையோடு திரியும் என்பது இந்த ஊர் நம்பிக்கை, எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

“அப்பா போயி வருசம் திரும்பல. ஊசிய எடுத்தீங்கன்னா பாருங்க!” என்றாள் மனைவி. டப்பாவைப் பிடுங்கி, பூச்சியை மெல்ல ஜன்னல் கண்ணாடியில் ஏறவிட்டாள். “பால்கனியில நின்னு பாருங்க.”

வெளியே போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டேன். பறப்பதற்குச் சூடேற்றிக்கொண்டு பூச்சி இறக்கைகளைத் தூக்கி அதிரத் தொடங்கியது.

“ஒண்ணா, ரெண்டா?” என்று உள்ளிருந்து மைத்துனன் கத்தினான்.

“ரெண்டு.”

“நல்லாப் பாருங்க அத்தான். கிடங்கே லைக் போட்டிருக்கு!”

“ரெண்டுதான்டா.”

மனைவி சிரித்தாள். “கப்பல் மூட்டையில உக்காந்தா கப்பல்ல வந்ததாடா? தாத்தா கப்பல்ல வந்ததுக்கு நம்மளையுந்தான் இன்னும் எந்தக் கப்பல்னு கேக்குறாங்க. பொறந்தது இங்கதானே?”

அதைக் கேட்டதும் என் ஏமாற்றம் போன இடம் தெரியவில்லை. ஒரு பூச்சியையும் குத்தாமல், ஒரு பொய்ப் பதிவும் இல்லாமல் இத்தனை ஆண்டு எழுதியிருக்கிறேன். அன்றும் அது தவறவில்லை.

ஜன்னலைத் திறந்தோம். அது போனபின் மைத்துனன் போனை எடுத்தான்.

“இப்ப என்னன்னு மாத்திப் போட?”

“போட்டாதாங்காரர்னு போடு,” என்றேன். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன்.