வாசுகி டீச்சரின் வலைப்பூ

திங்கட்கிழமை முதல் பாடவேளையில், வருகைப்பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே வாசுகி டீச்சர் சாக்பீஸை எடுத்துவிடுவார். கரும்பலகையின் இடப்பக்கம் பாடத்துக்கு, வலப்பக்கம் வலைப்பூவுக்கு வந்த மறுமொழிகளுக்கு. ஞாயிறன்று பிரௌசிங் சென்டரில் அச்செடுத்த தாளைப் பார்த்து அவர் ஒவ்வொரு சொல்லாக எழுத எழுத, ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுப் பெண்கள் நாற்பத்து மூன்று பேரும் சேர்ந்து உரக்கப் படிப்பார்கள். தாளை அவர் முன்கூட்டிப் படித்துவிட்டு வருவதில்லை.

“நம்ம எல்லாருக்கும் வந்த லெட்டர நான் மட்டும் பிரிக்கலாமா?”

தமிழாசிரியை. இரண்டே விரல்களால் தட்டச்சு செய்வார். பீங்கான் மண் எங்கும் படியும் ஊர் என்பதால், ஒவ்வொரு முறையும் விசைப்பலகையை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். வகுப்புக்கென்று வலைப்பூ தொடங்கி ஐந்து மாதமாகிறது. வாரம் ஒரு கட்டுரை ஏறும்.

“இதுக்கெல்லாம் பரீட்சைல மார்க் போடுவாங்களா வாசுகி?” என்றார் தலைமையாசிரியை.

“எனக்குக் காட்ட எழுதுனா பத்து வரிதான் எழுதுறாளுங்க மேடம். ஊரே படிக்குதுன்னா நாலு பக்கம் போவுது.”

உண்மைதான். சிங்கப்பூரில் இருக்கும் மாமாவுக்கும் சவூதியில் இருக்கும் அப்பாவுக்கும் பெண்கள் போனிலேயே முகவரி சொல்லிவிட்டிருந்தார்கள். பார்வையாளர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்ட அன்று டீச்சர் வகுப்புக்கே தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

போன வாரத் தலைப்பு ‘மறக்க முடியாத நாள்’. சண்முகப்ரியா தன் தாத்தாவின் சாவைப் பற்றி எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ‘அருமையான நடை’ என்று குறித்து, டீச்சர் அதைத்தான் வலைப்பூவில் ஏற்றினார்.

இந்தத் திங்களன்று முதல் மறுமொழி சிங்கப்பூரிலிருந்து: ‘கண் கலங்கிவிட்டது தங்கையே.’ வகுப்பு கைதட்டியது. இரண்டாவதின் கீழே கொளஞ்சிநாதன், தம்மாம், சவூதி என்று இருந்தது. டீச்சர் எழுதினார். பெண்கள் படித்தார்கள்.

‘பிரியா, அப்பா எழுதுறேன். தாத்தா எப்பம்மா செத்தாரு?’

கடைசிச் சொல்லைப் பாதிப்பேர்தான் படித்தார்கள். தன் கை எழுதியதையே டீச்சர் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது பெஞ்சில் சண்முகப்ரியா எழுந்தாள். “அப்பாவுக்குச் சொல்லல டீச்சர். தெரிஞ்சா வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடும்னு… அதையும்தான் எழுதியிருந்தேன்.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“நோட்டுலதான டீச்சர் எழுதுனேன்…”

பிழை பார்க்க இரண்டு முறை, தட்டச்சு செய்ய ஒரு முறை, ஏற்றியபின் ரசிக்க ஒரு முறை. நான்கு தடவை படித்திருந்தார் டீச்சர். கட்டுரையில் வரும் அப்பா எழுந்து வந்து படிக்கக்கூடிய ஒரு மனிதர் என்பது ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றவில்லை.

இடைவேளைக்குள் பிரியாவின் அம்மா ஆதிலட்சுமி வந்துவிட்டார். செராமிக் ஷெட்டில் பொம்மைகளுக்குக் கண் எழுதுபவர். விரல்களில் கறுப்புச் சாயம் காயாமல் இருந்தது.

“நேத்தெல்லாம் லைனே கெடைக்கலியாம், காலையிலேருந்து போன்ல கத்துறாரு டீச்சர். பெத்தவனுக்குக் கொள்ளி வைக்க வுடாம பண்ணிட்டியேடின்றாரு. வந்தே தீருவேன்றாரு. பாதியில வந்தா கம்பெனிக்காரன் திரும்ப சேத்துக்க மாட்டான். ரெண்டு மாசமா பொத்தி வச்சிருந்தேன்.”

தலைமையாசிரியை அறையில்தான் இணைய இணைப்பு. டீச்சர் முந்தானையால் துடைக்கவில்லை, நேரே உட்கார்ந்தார். “இப்பவே அழிச்சிடுறேங்க.”

“இனிமே அழிச்சி என்னா ஆவப்போவுது? நான் ரெண்டாவதோட நின்னவ. எம்பொண்ணு என்னதான் எழுதியிருக்குது, படிச்சிக் காட்டுங்க.”

டீச்சர் படித்தார். பாடை கட்டியது, ஊர் கூடியது, அப்பா இல்லாததால் சித்தப்பா கொள்ளிச்சட்டி தூக்கியது. ஆதிலட்சுமி தலையை ஆட்டியபடி கேட்டார். அடுத்த பத்திக்கு டீச்சரின் கண் போயிற்று.

‘வாசலில் மேளம் அடிக்கும்போது அப்பா போன் செய்தார். அங்கே என்ன சத்தம் என்று கேட்டார். பக்கத்துத் தெருவில் திருவிழா என்று அம்மா சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு அம்மாவின் முகத்தில் அப்படியே இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.’

கட்டுரையிலேயே சிறந்த இடம் என்று நோட்டில் டீச்சர் நட்சத்திரம் போட்ட வரிகள்.

“மேல படிங்க டீச்சர்.”

படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணின் முன்னால், வாசுகி டீச்சர் திரையில் அந்த வரிகளின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார்.