மெசினை ஓட்டியது அவன், ஜப்தி என் காட்டுக்கா?

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம், ஆனி மாசம். நல்லூரில் எங்கள் தெருவில் கோர்ட்டு அமீனா தமுக்கடித்து, நான் உழுது பயிர் வைக்கிற காடு ஜப்தி ஆகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். தெருவே என்னைப் பார்த்தது. அடியார்களே, நான் அழவில்லை. வயிறு எரிந்தது.

நான் யாரிடமும் கடன் வாங்கவில்லை. வாங்கினவன் சின்னச்சாமி. என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், வெளியூரில் குடியிருந்தவன். கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றிடம் பனியன் துணி பின்னுகிற மெசின் நாலை மாச வாடகைக்குக் கேட்டான். சொத்துள்ளவர் ஒருத்தர் ஜாமீன் போட்டால்தான் அனுப்புவோம் என்றார்கள். என் வீட்டுக்காரர் இறந்து அப்போதுதான் வருஷம் திரும்பியிருந்தது. அப்பா எனக்கு எழுதிக் கொடுத்த காடு என் பேரில் இருந்தது. நேராக என்னிடம் வந்தான்.

“பேருக்குத்தானுங்க அண்ணி. ஒரு மாச வாடகையாச்சும் பாக்கி நிக்குமுங்களா? எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?”

நம்பினேன். கையெழுத்துப் போட்டேன்.

கொஞ்ச காலம் ஒழுங்காகக் கட்டினான். பிறகு நிறுத்தினான். தொழில் நொடித்துவிட்டது என்றான். ஷெட்டைப் பூட்டினான். மெசின் எங்கே என்றால், திருட்டுப் போய்விட்டதாம்! குடியிருந்த வீட்டை முன்கூட்டியே சம்சாரம் சரசு பேரில் எழுதிவைத்துவிட்டான். அவனிடம் கை வைக்க ஒன்றுமில்லை. என்னிடம் காடு இருந்தது. கம்பெனி என் பக்கம் திரும்பியது.

கோயமுத்தூருக்கே போய் மானேஜரைப் பார்த்தேன்.

“அவரு கட்டுனா என்ன, நீங்க கட்டுனா என்னங்கம்மா? எங்களுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்” என்றார்.

“மெசினை ஓட்டுனது அவன். சம்பாதிச்சது அவன். நாங்க ரெண்டு பேரும் எப்படிங்க ஒண்ணாவோம்? மெசினை எங்கியாச்சும் தேடிப் பாத்தீங்களா?”

“அது உங்க சொந்தக்காரர் விசயமுங்க.”

இதுதான் பதில். வாடகைப் பாக்கியோடு மெசின் விலையையும் சேர்த்துக் கேஸ் போட்டார்கள், ஜெயித்தார்கள். சட்டம் அப்படித்தான் என்றார் வக்கீல். மெசின் கிடைத்தால் விற்றுக் கழிப்பார்கள், கிடைக்காவிட்டால் முழுசும் உங்கள் தலையில்தான் என்றார். பங்காளிகளோ, “குடும்ப மானமுங்க, பெரிசு பண்ணாதீங்க” என்றார்கள். தமுக்கடித்தபோது என் மானம் எங்கே போயிற்று? அதைக் கேட்க ஒருத்தர் இல்லை.

ஆடிக் கிருத்திகைக்குச் சிவன்மலை முருகனைப் பார்க்கப் படியேறினேன். சன்னதியில் நெரிசல். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கை கூப்ப வரவில்லை. வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

“முருகா! சின்னச்சாமி தின்ன சோத்துக்கு நான் எலை எடுக்கோணுமா? நாலு மெசினை முழுங்கிப்போட்டு அவன் ஊட்டுல சொகமா இருக்கறான். எங்காட்டை ஏலம் போடப் போறாங்க. உனக்குக் கண்ணு தெரியலையா? கையில வேலு எதுக்கு வெச்சிருக்கறே?”

குருக்கள் தீபத்தட்டோடு திகைத்து நின்றார். யாரோ என்னைப் பைத்தியம் என்றார்கள். நான் அப்போதும் அழவில்லை.

பாதிப் படி இறங்கியிருப்பேன். பின்னாலிருந்து, “அக்கா” என்று ஒரு குரல். திரும்பினால் சரசு, அந்தச் சின்னச்சாமியின் சம்சாரம். அதே கூட்டத்தில் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

“மெசினு எங்கியும் போகலீங்கக்கா. தாராபுரத்துல எங்கண்ணன் குடோன்ல ஓடுதுங்க. கம்பெனிக்காரங்க மெசினை அவருக்கே விட்டுட்டாங்கன்னு அவரு சொன்னாருங்க. உங்க காடு ஏலத்துக்குப் போறது சத்தியமா எனக்குத் தெரியாதுங்க.”

“இதைக் கோர்ட்டுல வந்து சொல்லுவியா?”

“சாமி முன்னால காதுல வாங்கிப்போட்டேனுங்களே. இனி வாயை மூடிக்கிட்டு எப்படிங்க சோறு திங்கறது?”

சொன்னாள். புருஷனுக்கும் அண்ணனுக்கும் எதிரில் நின்று சொன்னாள். அமீனா தாராபுரம் போனபோது நாலு மெசினும் ஓடிக்கொண்டிருந்தன! அவற்றை விற்றதில் பாக்கியில் பெரும்பங்கு கழிந்தது.

சின்னச்சாமி வீட்டில் குதித்தானாம். கட்டினவனைக் காட்டிக் கொடுத்தவளுக்கு இங்கே இடமில்லை, வெளியே போ என்று கத்தினானாம். சரசு அசையவில்லை.

“இந்த ஊடு எம்பேர்ல இருக்குதுங்க. நீங்கதானுங்க எழுதி வெச்சீங்க. அக்காவோட காட்டு மேல இருக்கற மீதியைக் கட்டிப்போட்டு உள்ள வாங்க.”

கம்பெனியை ஏமாற்ற எழுதின பத்திரம் அவனையே வாசலில் நிறுத்தியது. பொங்கலுக்கு முன்னால் மீதியைக் கட்டினான். ஜப்தி நீங்கியது. அன்றைக்குத்தான் காட்டு வரப்பில் உட்கார்ந்து, “முருகா, முருகா” என்று வாய் ஓயாமல் சொல்லி அழுதேன்.

கோபம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அந்த மானேஜர் முகம் நினைவுக்கு வந்தால் இன்றைக்கும் கொதிக்கிறது. ஆனால் முன்பெல்லாம் என் கஷ்டத்தை உள்ளேயே அமுக்கிக்கொள்வேன். இப்போது இல்லை. ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டேன் என்று எந்தப் பொம்பளை வந்தாலும் வக்கீலிடம் நானே கூட்டிப் போகிறேன். மெசின் எங்கே என்று முதலில் தேடச் சொல்கிறேன்.

அநியாயத்தில் சிக்கியிருக்கிறவர்களே, நல்ல வார்த்தை வருகிறவரைக்கும் காத்திருக்காதீர்கள். வயிற்றெரிச்சலோடேயே முருகனிடம் போங்கள். வாய்விட்டுக் கேளுங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். நான் திட்டினேன், அவன் காப்பாற்றினான்.