விசாரிக்கிற மிஷினுக்கு என் குரல்

எனக்கு சந்தேக புத்தி. அதை நானே சொல்லிடறேன், அப்பால வேற யாரும் சொல்ல வேணாம். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க சிரிச்சா பையை மடியில இழுத்து வெச்சுக்கிற ஆளு நான். காய்க்காரி தானா ரெண்டு தக்காளி கூடப் போட்டா, அழுகினதான்னு திருப்பிப் பாத்துட்டுத்தான் கூடையில போடுவேன். அப்படிப்பட்ட என்கிட்ட ஒரு பொண்ணு வந்து, "அக்கா, ஜனங்களோட சகஜமா பேசற மிஷின் ஒண்ணு பண்றோம், உங்க உதவி வேணும்"னு இளிச்சுக்கினு நின்னா எப்படி இருக்கும்?

திருப்பதியில ஒரு ஆஸ்பத்திரியில நான் போன் டெஸ்க்ல இருக்கேன். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனவங்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறதுதான் வேலை. புண்ணு ஆறுதா, ஜுரம் அடிக்குதா, மாத்திரை ஒழுங்கா உள்ளே போகுதா. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்து ஆளுங்க தெலுங்குல ஆரம்பிச்சு தமிழ்ல முடிப்பாங்க. நானும் அவங்க போற பக்கமெல்லாம் கூடவே போவேன். அந்த வேலையைத்தான் மிஷின் பாக்கப் போகுதாம். அந்தப் பொண்ணு ரேணிகுண்டாவுல ஒரு சின்ன கம்பெனியில இன்ஜினியர்.

"உன் மிஷின் வந்துட்டா நான் எங்க போறதாம்?"

"நீங்க எங்கேயும் போக வேணாம் அக்கா. மிஷின் எல்லாருக்கும் போன் போடும். யார் புண்ணு சரியில்லையோ அவங்க பேருக்கு நேரா சிவப்புக் குறி வரும். அவங்களை மட்டும் நீங்க கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு வரவழைச்சா போதும்."

"போதும்னு இன்னைக்கு சொல்லுவ. நாளைக்கு?"

அவ சிரிச்சுக்கினே வேற பேச்சுக்குத் தாவினா. நான் அதை மனசுல குறிச்சு வெச்சுக்கினேன்.

முதல்ல அவங்க செஞ்ச மிஷின் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி பேசிச்சு. "காயத்தில் சீழ் உள்ளதா?"ன்னு பாடப்புஸ்தகத் தமிழ்ல கேக்கும். பாதி ஜனம் அப்பவே போனை வெச்சிடும். நாலு பேர் திட்டுவாங்க. மீதி ஆளுங்க மட்டும், "ம், உள்ளது, மஞ்சளா வருது"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டு வைப்பாங்க. சிவப்புக் குறி விழும், நான் கூப்பிடுவேன், அவங்க வருவாங்க. எனக்கு அதுல குறை ஒண்ணும் தெரியல. ஆனா இன்ஜினியர் பொண்ணுக்கு மனசு ஆறல. யாரும் போனை வைக்காத மாதிரி பேசணும், நம்ம வீட்டுப் பொண்ணு பேசற மாதிரி இருக்கணும்னு பிடிவாதமா நின்னா. கடைசியில என் குரலே வேணும்னு கேட்டா.

ரேணிகுண்டாவுல அவங்க ஆபீஸ்ல ஒரு சின்ன ரூம். சுவத்துல மெத்தையை சாத்தி வெச்சு, சத்தம் வரும்னு ஃபேனை நிறுத்திட்டு, ஒரு வாரம் என்னைப் பேச வெச்சாங்க. வேர்த்து ஊத்தும். "சிரிச்சுக்கினே கேளுங்க அக்கா", "கவலையா கேளுங்க அக்கா", "இப்ப சும்மா மூச்சு விடுங்க அக்கா". மூச்சைக்கூட பிடிச்சு வெச்சுக்கினாங்க. எதுக்குடியம்மா என் மூச்சுன்னு கேட்டா, மூச்சு இல்லாம பேசினா பொணம் பேசற மாதிரி இருக்கும்னா. எனக்கு உடம்பெல்லாம் கூசிச்சு.

ஆனா பொய் சொல்லக்கூடாது, எனக்கு ருசி தட்டிப்போச்சு. நான்தான் ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தேன். எடுத்த எடுப்புல புண்ணைக் கேக்காதே, சாப்பிட்டீங்களான்னு கேளு. பெரியவங்களை நைனான்னு கூப்பிடு, அம்மான்னு கூப்பிடு. அவங்க பேசறப்ப நடுவுல 'ம்' கொட்டு, இல்லன்னா லைன் கட்டாயிடுச்சுன்னு நெனைச்சுக்குவாங்க. நம்ம ஜனம் முதல் தடவை கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லும், அதனால ரெண்டாவது தடவை கேளு. ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் சண்டை போட்டேன். "நான் மிஷின் பேசறேன்"னு முதல் வரியிலேயே அது சொல்லியாகணும். மனுஷின்னு ஏமாத்திப் பேச வைக்கிறதுக்கு என் குரலைத் தர மாட்டேன்னுட்டேன். அவ ஒத்துக்கினா.

அந்த சமயத்துலதான் எங்க நைனாவுக்கு, அதான் எங்க அப்பாவுக்கு, கால்ல புண்ணு. அவர் கங்காதர நெல்லூர் பக்கத்துல கிராமத்துல தனியா இருக்கார். அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. வரப்புல முள்ளு குத்தினதுகூட தெரியாம நடந்திருக்கார், சக்கரை அந்த அளவுக்கு உணர்ச்சியைத் துன்னுட்டு இருந்திருக்கு. எங்க ஆஸ்பத்திரியிலதான் கீறி சுத்தம் பண்ணி அனுப்பினாங்க. டாக்டர் தெளிவா சொன்னார். விரல் கறுத்தாலோ நாத்தம் வந்தாலோ அன்னைக்கே வந்துடணும், தள்ளிப் போட்டா காலையே எடுக்க வேண்டி வரும்னு. என் வீட்டுல இருன்னேன். "மாப்ள வீட்ல எத்தினி நாளு உக்காந்து துன்னுறது?"ன்னு பஸ் ஏறிட்டார்.

தினமும் போன் பண்ணுவேன். "நல்லா கீறேன்மா"ன்னு சொல்லுவார். நான் நம்பவே மாட்டேன். எங்க பக்கத்துல ஒரு பழக்கம். பொறந்த வீட்டுக் கஷ்டத்தை கட்டிக் குடுத்த பொண்ணு காதுல போட மாட்டாங்க. அவ போன இடத்துல நிம்மதியா இருக்கட்டும்னு வாயை மூடிக்குவாங்க. அம்மா படுக்கையில விழுந்ததே எனக்குப் பத்து நாள் கழிச்சுத்தான் தெரியும். அதனால நான் ஒரு கணக்குப் போட்டேன். என்கிட்ட மறைப்பார், ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட மறைக்க மாட்டார். மிஷின் கேட்டா உள்ளதைச் சொல்லிடுவார். காலையில வந்ததும் பட்டியலைப் பாப்பேன். அவர் பேருக்கு நேரா சிவப்பு இருக்காது. அப்பாடான்னு டீ குடிக்கப் போவேன். யாரை யாரையோ சந்தேகப்பட்டேன், அந்தப் பட்டியலை சந்தேகப்படல.

மிஷின் என் குரல்ல பேச ஆரம்பிச்சு ரெண்டு வாரம் இருக்கும். இன்ஜினியர் பொண்ணு ஸ்வீட் டப்பாவோட வந்தா.

"அக்கா, யாருமே போனை வைக்க மாட்டேங்கறாங்க! அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் பேசறாங்க!"

"அது சரி. சிவப்பு எங்க?"

"குறைஞ்சுடுச்சு அக்கா. எல்லாருக்கும் குணமாகுது போல."

"ஜில்லாவுல இருக்கிற புண்ணெல்லாம் பேசி வெச்சுக்கினு ஒரே நாள்ல ஆறிடுச்சாக்கும்? பதிவைப் போடு, கேப்போம்."

போட்டா. பங்காருபாளையத்துல ஒரு அம்மா, வயித்துல ஆபரேஷன் ஆனவங்க. மிஷின் புண்ணைக் கேக்குது, அந்தம்மா மாங்காயைச் சொல்லுது. "நீ சாப்டியா கண்ணு? இந்தப் பக்கம் வந்தா ஒரு கூடை எடுத்துக்கினு போ"ங்குது. மிஷினுக்குக் கூடை மாங்கா! புத்தூர்ல ஒரு பெரியவர், "உனக்கு எத்தினி பசங்கம்மா?"ன்னு விசாரிக்கிறார். எல்லாரும் பேசறாங்க, சிரிக்கிறாங்க, ஆசீர்வாதம்கூட பண்றாங்க. புண்ணைப் பத்தி மட்டும் ஒருத்தர் வாயிலயும் வரல. இன்ஜினியர் பொண்ணு சந்தோஷமா என்னைப் பாத்தா. சொந்தக்காரப் பொண்ணு பாக்க வந்தா நம்ம ஜனம் என்ன பண்ணும்? எழுந்து உக்காந்து, முகத்தைத் துடைச்சுக்கினு, ஒண்ணுமில்லம்மான்னு காபி போடும்.

"எங்க நைனாவோடது போடு"ன்னேன்.

"வணக்கம் நைனா, நான் ஆஸ்பத்திரியில இருந்து பேசற மிஷின்"னு என் குரல் சொல்லிச்சு.

"சாப்பிட்டீங்களா நைனா?"

"ஆச்சும்மா."

"காலு எப்படி இருக்கு?"

"நல்லா கீதும்மா."

"நெஜமாவே நல்லா இருக்கா நைனா? மறைக்காம சொல்லுங்க." நான் சொல்லிக் குடுத்த ரெண்டாவது கேள்வி. நான் சொல்லிக் குடுத்த அதே கவலை.

மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டுது. அப்பால, "ஒண்ணுமில்லம்மா. நீ உன் ஒடம்பைப் பாத்துக்கோ"ன்னு போனை வெச்சுட்டார்.

"பாத்தீங்களா, எவ்வளோ பாசமா பேசறார்"னா அந்தப் பொண்ணு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அங்கேயே அறைஞ்சிருப்பேன். மூச்சு இழுத்த அந்த நேரம் என்னன்னு எனக்குத் தெரியும். அம்மா விஷயத்தை மறைச்சப்பவும் அவர் போன்ல அப்படித்தான் மூச்சு இழுத்தார். பையை எடுத்துக்கினு கிளம்பிட்டேன்.

சித்தூர் பஸ், அங்கேருந்து ஆட்டோ. வழியெல்லாம் எல்லாரையும் வைதேன். அந்தப் பொண்ணை, மிஷினை, நைனாவை. மூச்சைக்கூட வித்துட்டு வந்த என்னை. வீட்டுக்குள்ள நுழைஞ்சப்ப ஊதுவத்தி வாசனை. சாமி படத்துக்கிட்ட இல்ல. கட்டிலுக்கு அடியில, அவர் கால்மாட்டுல, ரெண்டு ஊதுவத்தி கொளுத்தி வெச்சிருந்தார். கால் மேல பழைய துண்டு.

"இன்னாம்மா, சொல்லாம கொள்ளாம?"ன்னார்.

துண்டை எடுத்தேன். ரெண்டு விரல் கரியா இருந்துச்சு.

அன்னைக்கே கார் வெச்சு திருப்பதிக்கு அழைச்சிக்கினு வந்தோம். ரெண்டு விரலையும் எடுத்தாங்க. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா பாதம் தப்பியிருக்காதுன்னார் டாக்டர். வார்டுல அவருக்கு மயக்கம் தெளிஞ்சு, கஞ்சி குடிச்சு, ஆள் கொஞ்சம் தெம்பானதும் நான் பிடிச்சுக்கினேன்.

"என்கிட்ட மறைச்சே, சரி. அது மிஷினுன்னு தெரியாதா உனக்கு?"

"தெரியாம இன்னா? அதான் முதல்லயே சொல்லுதே."

"அப்புறம் ஏன் நைனா அதுகிட்டயும் பொய் சொன்னே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினார். "உன் குரலா கீதும்மா. காலு அழுகிடுச்சுன்னு உன் குரல்கிட்ட எப்படி சொல்றது?"

நான் வராண்டாவுக்கு வந்து அழுதேன். அவரைத் திட்ட முடியல, மிஷினையும் திட்ட முடியல. ஒரு அப்பனுக்குப் பொண்ணுகிட்ட இருக்கிற கூச்சம் முழுசையும் நான் அதுல ஏத்தி அனுப்பியிருக்கேன். அது எனக்குத் தாங்கல.

இன்ஜினியர் பொண்ணு விஷயத்தைக் கேட்டதும் அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தா. ஸ்வீட் டப்பாவை யாரும் தொடல. ரெண்டு நாள் அவளும் நானும் உக்காந்து பட்டியல்ல இருந்த எல்லாரையும் எங்க வாயால கூப்பிட்டோம். "சாப்பாடெல்லாம் இருக்கட்டும், சீழ் வருதா இல்லையா?"ன்னு அதட்டித்தான் கேட்டேன். மாங்கா அம்மாவுக்குத் தையல் பிரிஞ்சு போயிருந்துச்சு. இன்னும் சில பேரை வரவழைச்சோம். அப்பால என் குரலை எடுத்தாச்சு. யார் வீட்டுப் பொண்ணும் இல்லாத, கொஞ்சம் வறட்டுக் குரலா ஒண்ணு போட்டாங்க. ஜனம் மறுபடியும் பாதிப் பேர் போனை வெச்சாங்க, மீதிப் பேர் உள்ளதைச் சொன்னாங்க. வெச்சவங்களை எல்லாம் நானே கூப்பிட்டேன்.

நைனாவை இந்தத் தடவை விடல. என் வீட்டுலயே வெச்சுக்கினேன். ஒரு நாள் காலையில நான் வேலைக்குக் கிளம்பிக்கினு இருக்கேன், அவர் போன் அடிச்சுது. எழுந்து நொண்டிக்கினே போய் ரூம் கதவை சாத்தினார். நான் கதவுல காதை வெச்சேன். என் புத்தி அப்படித்தான்.

"ஆமா, வலிக்குது. கட்டு ஈரமா கீது. காத்தால இருந்து ஜுரம் மாதிரி அடிக்குது." கட்டில்ல உக்கார்ற சத்தம் கேட்டுது. "தூக்கம் வரமாட்டேங்குது. காலு போயிடுமோன்னு பயமா கீது. பொண்ணு வீட்ல பாரமா உக்காந்துக்கினு கீறேன்."

அந்த வறட்டுக் குரல், "புரிந்தது"ன்னு சொல்லிச்சு. ஒரு மிஷின் மேல எனக்குப் பொறாமை வந்தது அப்பதான்.

கதவைத் திறந்துக்கினு வெளியே வந்தார். "வலிக்குதா நைனா?"ன்னேன்.

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. நீ கிளம்பு, நேரமாவுது பாரு."

ஒட்டுக் கேட்டதைச் சொல்லிக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். பட்டியல்ல அவர் பேருக்கு நேரா சிவப்பு. முறைப்படி டெஸ்க்ல இருந்து அவரைக் கூப்பிட்டேன். "நைனா, ஆட்டோ அனுப்பறேன், உடனே கிளம்பி வா. கட்டு ஈரமா இருக்காமே, ஜுரம் வேற."

"யாரு சொன்னாங்க?"

"மிஷின்தான்."

"இந்தப் புதுக் குரலும் உன்கிட்டதான் வந்து சொல்லுதா?"ன்னு மட்டும் கேட்டார். வந்தார், டாக்டர் பாத்தார், ஊசி போட்டு மருந்து மாத்திக் குடுத்தார். பயப்பட ஒண்ணுமில்லன்னார். திரும்பிப் போறப்ப ஆட்டோவுல நைனா என் முகத்தைப் பாக்கல.

மறுநாள் அதே நேரத்துக்குப் போன் அடிச்சுது. நான் அடுப்புகிட்ட நின்னுக்கினு இருந்தேன். இந்தத் தடவை அவர் எழுந்து போகல, கதவையும் சாத்தல. எனக்குக் கேக்கணும்னே சத்தமா சொன்னார்: "வலியே இல்லம்மா. புண்ணு ஆறிடுச்சு. எங்க பொண்ணு நல்லா பாத்துக்கிறா."