ஏழெட்டு வீட்டுக்கு ஒரே நம்பர்

எங்கள் தெருவில் போன் நம்பரை மாற்றாத ஆள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எவன் குடை விரித்து உட்கார்ந்து சும்மா சிம் கொடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கொண்டு பழையதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதனால் எந்த ஆபீசில் நம்பர் கேட்டாலும் யோசிக்காமல் என்னுடையதைச் சொல்லிவிடுவார்கள். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள், எப்போது கூப்பிட்டாலும் இருப்பேன். "மதினி, ஓட்டிப்பி வந்துருச்சா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். நானும் ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டே, வந்த நம்பரைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிப்பேன்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் தம்பிக்கு இது தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, ஒன் நம்பர வச்சு கவர்மெண்டு ஒன்னைய முழுசாப் பாக்கலாம். அது தெரியுமா ஒனக்கு?"

"பாக்கட்டும்லே. பாத்து என்னத்தக் கண்டுபிடிப்பான்?"

சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுக்க அதே யோசனை. என் நம்பரை ஒருத்தன் உட்கார்ந்து பார்க்கிறான் என்றால், அவனுக்கு நான் யார்? மாதத்துக்கு ஏழெட்டு சிலிண்டர் வாங்குகிறேன். முதியோர் பென்ஷன் வாங்குகிறேன், கல்லூரி உதவித்தொகையும் வாங்குகிறேன். திருச்சுழியில் பட்டா மாற்றக் கொடுத்திருக்கிறேன், என் ஆட்டுக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்கிறது. பாவம், அவனுக்குப் பைத்தியம்தான் பிடிக்கும். நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பாக வந்தது.

இப்படித்தான் ஒரு நாள் பக்கத்து வீட்டு மருமகள் பெயரில் ஒரு மெசேஜ் வந்தது. கர்ப்பிணித் தாய்க்கு வாழ்த்துகள், சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடவும் என்று அரசாங்கம் அனுப்பியிருந்தது. நல்லவேளை, அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்திருந்தது. இரண்டாவது தடவை, "அடுத்ததும் தங்கலேன்னா அவ ஆத்தா வீட்டுலயே இருந்துக்கிறட்டும்" என்று மாமியார்க்காரி தெருக்குழாயடியில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னாள். புருஷன் வடக்கே முறுக்குக் கம்பெனியில் இருக்கிறான். அவன் வாய் செத்தவன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு மெசேஜைக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மூணு மாசம் தாண்டட்டும்னு இருந்தேங்க்கா. நர்சம்மாகிட்டகூட வீட்டுக்கு வராதீகன்னு கெஞ்சிட்டு வந்தேன். ஒங்க போனு சொல்லும்னு நெனைக்கல."

"என் போனுதான சொல்லுச்சு. நான் சொல்லலையே" என்றேன்.

அவளிடம் இருந்தது பட்டன் போன். வயிற்றுக்குள் பிள்ளை வாரா வாரம் எப்படி வளர்கிறது என்று காட்டும் ஆப் ஒன்று இருக்கிறதாமே, உங்கள் போனில் ஏற்றித் தாருங்கள் என்று கேட்டாள். தம்பியிடம் விசாரித்தேன். யாருக்கு, எதற்கு என்று சொல்லவில்லை. "வெளிநாட்டு ஆப்புன்னா வெவரத்தை விளம்பரக்காரனுக்கு வித்துருவான். நம்ம நாட்டு ஆப்புன்னா கவர்மெண்டு கேட்ட ஒடனே எடுத்துக் குடுத்துருவான். எதுல போடப்போறன்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்றான். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"ரெண்டு பேர்ல எவன்க்கா எங்க அத்தைகிட்டச் சொல்லமாட்டான்?"

வெளிநாட்டுக்காரனுக்கு நம் தெரு தெரியாது என்று அதையே ஏற்றினோம். அவனும் வாரா வாரம், பிள்ளை இப்போது இந்தப் பழம் அளவு என்று படம் அனுப்புவான். எல்லாம் நாங்கள் கண்ணால் பார்க்காத சீமைப் பழங்கள். "இது என்ன பழம்க்கா?" என்று அவள் கேட்பாள். நான் தேடிப் பார்த்து, "நம்மூருக்கு மொச்சப்பயறுன்னு வச்சுக்கோ" என்பேன். அடுத்த வாரம் சுண்டைக்காய் என்பேன். அவள் விரல் நுனியில் அளவு வைத்துப் பார்த்துச் சிரிப்பாள்.

வெளிநாட்டுக்காரன் தன் வேலையைக் காட்டினான். சமையல் வீடியோ பார்த்தால் நடுவில் பிள்ளை எண்ணெய், தொட்டில், டயப்பர் என்று விளம்பரமாக வந்து கொட்டியது. மதியம் சீரியல் பார்க்க என் போனை வாங்கும் நாத்தனார் கண்ணில் அது பட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏ மதினி, எங்கண்ணன் சொல்லவே இல்ல. மகன் காலேசுல படிக்கயில இது என்ன கூத்து?"

இல்லை என்றால், பிறகு யாருக்கு என்று கேட்பாள். எனக்குத் தெரியும், அவளிடம் ஒன்று போனால் பொழுது சாய்வதற்குள் பரளச்சி வரைக்கும் போய்விடும். குனிந்து மெஷின் பாபினில் நூல் சுற்றினேன். மறுநாள் டீக்கடையில் என் வீட்டுக்காரரிடம் மிட்டாய் கேட்டிருக்கிறார்கள். மனுஷன் ஒன்றும் புரியாமல் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றார். "இப்ப ஒண்ணும் கேக்காதீக" என்றேன். கேட்கவில்லை. நாற்பத்து நாலு வயதில் தெருவே என் வயிற்றைப் பார்த்துப் பேசியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வயிற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். லைனிங் துணி எடுக்கத் துணைக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவள் மாமியாரிடம் சொல்லிவிட்டு, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் என் கையை அவள் விடவே இல்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, தங்கவில்லை என்றார்கள்.

எங்களை அங்கே யாரோ பார்த்திருக்கிறார்கள். சாயங்காலமே நாத்தனார் என் வீட்டுக்கு வந்துவிட்டாள், பின்னாலேயே அந்த மாமியாரும் வந்தாள். அந்தப் பெண்ணின் வாடிய முகத்தை இருவரும் பார்ப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "எனக்குக் கலைஞ்சிருச்சு. தனியாப் போகப் பயந்து இந்தப் பிள்ளையத் துணைக்குக் கூட்டிட்டுப் போனேன். ரத்தத்தப் பாத்துப் பயந்துபோயிக் கெடக்கா. ரெண்டு நாளைக்கு எங்கூட இருக்கட்டும்."

மாமியார்க்காரி என் தலையைத் தடவிக் கொடுத்தாள். "இதுல நம்ம கையில என்ன இருக்கு தாயி. மனசப் போட்டு ஒழப்பிக்கிறாத" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கையைத் தட்டிவிட்டிருப்பேன். இந்த வார்த்தையில் பாதியைத் தன் மருமகளிடம் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

மறுநாள் காலையில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டி, தூக்குவாளியில் கொண்டுவந்து மாமியார்க்காரி மருமகள் கையிலேயே கொடுத்தாள். "மிச்சம் வைக்காம அக்காவத் திங்க வையி. பொம்பளைக்கு இடுப்புல தெம்பு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு, களியை உருட்டி அவள் கையில் வைத்தேன். அழுதுகொண்டே சாப்பிட்டாள். அப்போது பார்த்து மெஷின் மேலிருந்த போன் சத்தம் கொடுத்தது. எடுத்துப் பார்த்தேன். புது வாரம், புதுப் படம். ஆப்பை முந்தியே எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

"என்னக்கா?" என்றாள்.

"எதுத்த வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் வருதாம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டு கேட்டாள். "இந்த வாரம் என்ன பழமாம்?"

"தெரியல தாயி. நம்மூர்ல இல்லாத பழம்" என்று சொல்லி, இன்னொரு உருண்டையை அவள் கையில் வைத்தேன்.