லிட்டருக்கு இருபது

கார் விக்கிறவன் சிரிச்சுப் பேசி வித்துட்டுப் போயிடுவான். அதுக்கான திட்டை வாங்கிக் கட்டிக்கிறது சர்வீஸ் கவுண்டர்ல உட்கார்ந்திருக்கிற என்னை மாதிரி ஜென்மங்கதான். நீங்களும் கவுண்டர் வேலை பார்த்தவங்கன்னா நான் சொல்லவே வேணாம், காது புண்ணாகியிருக்கும்.

மாமனார் கணக்கு

எங்க வொர்க்‌ஷாப் மலேசியாவுல, சிரம்பான் பக்கத்துச் செண்டாயான்ல. வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ஒரே புகார்தான். விளம்பரத்துல லிட்டருக்கு இருபது கிலோமீட்டர்னு போட்டிருக்கு, பதினாலுகூட வரலையாம். அந்த இருபது ரோட்டுல ஓட்டிப் பார்த்த கணக்கு இல்லீங்க. கட்டடத்துக்குள்ள, உருளை மேல வண்டியை ஏத்தி, ஏர்கோன்னு நாங்க சொல்ற ஏசியை அடைச்சு, ஒரே ஆள் பதமா ஓட்டி எடுத்தது. சொன்னா யார் கேக்குறா? குடும்பத்தையே உள்ள திணிச்சுக்கிட்டு வந்த ஒருத்தர் கவுண்டரைத் தட்டிக் கத்தினாரு: "கள்ளுக்கடையே கதின்னு கெடந்த என் மாமனார்கூட இவ்ளோ குடிக்கல லா!"

முன்சீட்டு ஆன்ட்டி

மாணிக்கம் அங்கிள், லிங்கி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துல டிராக்டர் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவர் சம்சாரம் சரோஜா ஆன்ட்டிக்குக் கிட்னி போயிடுச்சு. வாரத்துக்கு மூணு நாள் சிரம்பானுக்கு ரத்தம் கழுவக் கூட்டிட்டுப் போகணும். அதுக்காகவே, அந்த இருபதை நம்பி வாங்கின கார். வரலைன்னதும் மனுஷன் இடிஞ்சு போயிட்டாரு.

மெக்கானிக் பார்த்துட்டு ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாரு. நான் வழக்கமான பாட்டைப் பாடினேன்: தனியாளா இருக்கணும், ஏர்கோன் கூடாது, அவசரம் கூடாது. முன்சீட்டை விட்டு எறங்காமலேயே, ஜன்னல் வழியா ஆன்ட்டி சிரிச்சாங்க: "அப்போ என்னைய எறக்கி விட்டுட்டா கணக்கு சரியா வரும்னு சொல்லு!"

ஏர்கோன்

அடுத்த தடவை வந்தப்போ ஆன்ட்டி ரொம்ப இளைச்சிருந்தாங்க. ரத்தம் கழுவிட்டு வீட்டுக்குத் திரும்புற வழியில புழுக்கம் தாங்காம வாந்தி வருமாம். ஏர்கோன் சரியா குளிரலைன்னு கொண்டு வந்திருந்தாரு. மீட்டரைப் பார்த்தேன், மைலேஜ் இன்னும் கீழே போயிருந்துச்சு. ஐயோ, இன்னிக்கு நல்லா வாங்கப் போறோம்னு நெனச்சேன். அங்கிள் ஆன்ட்டிக்குக் கேக்காம, குரலை அடக்கிச் சொன்னாரு: "பெட்ரோல் எண்ணெயை எவ்ளோ வேணா குடிக்கட்டும்மா. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அவளுக்குக் குளுகுளுன்னு இருக்கணும், அது போதும்."

இருபது

அதுக்கப்புறம் சில மாசம் ஆளைக் காணோம். ஒருநாள் காலையில அந்தக் கார் ஊர்ந்து ஊர்ந்து உள்ளே வந்துச்சு. ஜன்னல் எல்லாம் தெறந்து கெடந்துச்சு. கிலோமீட்டர் குறிச்சுக்க எட்டிப் பார்த்தா, மீட்டர்ல லிட்டருக்கு இருபது! இத்தனை வருஷத்துல அந்த நம்பரை நான் கண்ணால கண்டதே இல்ல. என் வாய் சும்மா இருந்துச்சா? "பார்த்தீங்களா அங்கிள், இருபது வந்துருச்சு!"ன்னு கத்திட்டேன்.

அப்புறம்தான் முன்சீட்டைப் பார்த்தேன். ஆன்ட்டி தலைக்கு வச்சுக்கிற சின்னத் தலையாணி மட்டும் இருந்துச்சு. அதுக்கு பெல்ட் போட்டு வச்சிருந்தாரு. எனக்குக் கண்ணு நிறைஞ்சிருச்சு. அங்கிள் என்னைத் தேத்துற மாதிரி மெதுவா சொன்னாரு: "வராம என்னம்மா செய்யும்? அவதான் எறங்கிட்டாளே."

இப்பல்லாம் மைலேஜ் வரலைன்னு யாராவது சண்டைக்கு வந்தா, மொதல்ல அவங்க பக்கத்து சீட்டை எட்டிப் பார்த்துக்கிறேன், ஆள் இருந்தா அந்தத் திட்டை சந்தோஷமாவே வாங்கிக்கிறேன்.